வாசகர் கேள்வி–பதில்: பேராலயப் பூனைக்கு வாரம் ஒரு பென்னி

இடைக்கால ஐரோப்பாவின் வீட்டு விலங்குகளைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பூனையைப் பற்றிக் கேட்டவைதான் அதிகம். ஆகவே இந்த இதழ் முழுக்கப் பூனைக்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: "1233ல் போப்பாண்டவர் பூனைகளையெல்லாம் கொல்லச் சொன்னார். பூனை இல்லாததால் எலி பெருகியது. எலியால் கொள்ளைநோய் வந்து ஐரோப்பாவே அழிந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? (சேலம் வாசகர்)

இல்லை. இதில் உண்மையான துணுக்கு ஒன்றே ஒன்று. 1233ல் ஒன்பதாம் கிரிகோரி ஒரு கடிதம் எழுதினார், அதில் ஒரு கறுப்புப் பூனை வருகிறது. அவ்வளவுதான்.

ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில் திருச்சபைக்கு எதிரான ஒரு கூட்டம் இரகசியமாகக் கூடுவதாகப் போப்பாண்டவருக்குப் புகார் போயிருந்தது. அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்பவர் முதலில் ஒரு தேரையை முத்தமிட வேண்டும், பிறகு விருந்து நடக்கும், விருந்து முடிந்ததும் நடுத்தர நாயின் அளவுள்ள கறுப்புப் பூனை ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வரும், அதன் பின்புறத்தை எல்லாரும் முத்தமிடுவார்கள். புகாரில் இருந்த இந்த விவரத்தைக் கடிதம் அப்படியே எடுத்துச் சொல்கிறது. மைன்ஸ் பேராயர் உள்ளிட்டோருக்கு அனுப்பிய அந்தக் கடிதம் கேட்பது அந்த மனிதர்கள் மீது நடவடிக்கை. பூனையைக் கொல்லுங்கள் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது.

அடுத்து, கணக்கைப் பாருங்கள். கொள்ளைநோய், அதாவது பிளேக், சிசிலியின் மெசினா துறைமுகத்தில் இறங்கியது 1347 அக்டோபரில். கடிதத்துக்கும் நோய்க்கும் நடுவே 114 ஆண்டுகள். ஒரு பெட்டைப் பூனை ஆண்டுக்கு இரண்டு ஈற்று ஈனும், ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டி. ஒரு தலைமுறைப் பூனையையே அழித்திருந்தாலும் அடுத்த பத்தாண்டில் பழைய எண்ணிக்கைக்கு வந்திருக்கும். இன்னொன்று, 1348ல் அதே நோய் கெய்ரோவையும் சூறையாடியது. முஸ்லிம் நாடுகளில் பூனைக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்ததுதானே? அங்கே பூனைக்குக் குறைவே இல்லை. நோய் அதைப் பார்த்து ஒதுங்கிப் போகவில்லை.

பூனை இருந்தால் பிளேக் வராது என்ற நம்பிக்கையே அடிப்படையில் தவறு. நோயைப் பரப்புவது எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி. எலி செத்து உடம்பு குளிர்ந்தவுடன் தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடித் தாவும். அது மனிதனாக இருக்கலாம், எலியைக் கவ்விய பூனையாகவும் இருக்கலாம். பூனைக்கும் பிளேக் வரும், பூனையிடமிருந்து மனிதனுக்கும் தொற்றும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இன்றும் இப்படி நடப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பூனைக்குக் கொடுமையே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நடந்தது, அதற்குக் கீழே வருகிறோம். ஆனால் பூனையின் அன்றாட வாழ்க்கை தெரிய வேண்டுமென்றால் போப்பாண்டவரின் கடிதத்தைப் பார்த்துப் பயனில்லை. வரவு செலவுக் கணக்கு, விலைப்பட்டியல், சட்டம், குப்பைக்குழியில் கிடைத்த எலும்பு இவற்றைப் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை.

கேள்வி: பூனைக்கு விலை உண்டா? அல்லது இங்கே போல அக்கம்பக்கத்தில் குட்டியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்களா? (கும்பகோணம் வாசகர்)

விலை இருந்தது, சட்டமே போட்டு நிர்ணயித்த விலை. 10ஆம் நூற்றாண்டு வேல்ஸ் மன்னர் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டத் தொகுப்பு பூனையின் வயதுக்கு ஏற்ப விலை சொல்கிறது. (நமக்குக் கிடைக்கும் பிரதிகள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகின்றன.) பிறந்த இரவிலிருந்து கண் திறக்கும்வரை ஒரு பென்னி. கண் திறந்ததிலிருந்து சுண்டெலி பிடிக்கும்வரை இரண்டு பென்னி. சுண்டெலி பிடிக்கத் தொடங்கியபின் நான்கு பென்னி. குட்டி கண் திறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரை பிழைக்குமா என்பதே சந்தேகம், ஆகவே விலை குறைவு. எலி பிடிக்கிறது என்று நிரூபணமானதும் விலை முழுமையடைகிறது. விவசாயம் தெரிந்தவர் போட்ட கணக்கு இது.

விற்பவருக்குப் பொறுப்பும் உண்டு. நல்ல பூனைக்குச் சட்டம் சொல்லும் இலக்கணம்: கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும், எலி பிடிக்க வேண்டும், நகம் முழுசாக இருக்க வேண்டும், குட்டியைத் தின்னாமல் வளர்க்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று குறைந்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். இன்னொரு பிரதி, உடம்பில் தீக்காய வடு இருக்கக் கூடாது, அமாவாசை கழிந்து பிறை காணும்தோறும் இணை தேடி ஊர் சுற்றப் போகக் கூடாது என்றும் சேர்க்கிறது. தீக்காயம் எதற்கு வந்தது என்று தோன்றும். உரோமத் தோல் பற்றிய பதிலில் அதற்கு விடை இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி, அரசனின் களஞ்சியத்தைக் காக்கும் பூனையைத் திருடினாலோ கொன்றாலோ விதிக்கும் அபராதம். பூனையை வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க வேண்டும். தலை தரையைத் தொட வேண்டும். தரை சுத்தமாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். அதன் மேல் கோதுமையைக் கொட்டிக்கொண்டே வர வேண்டும். வால் நுனி மறையும்வரை கொட்டியது எவ்வளவோ அவ்வளவுதான் அபராதம்.

படிப்பவர்கள் பலர், ஒரு பூனை உயரம்தானே, ஒரு மூட்டை போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. தானியம் தூண் மாதிரி நிற்காது, சரிந்து சரிந்து குவியும். மூக்கிலிருந்து வால் நுனிவரை 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோதுமைக் குவியல் சரிந்து நிற்கும் கோணம் சுமார் 27 பாகை. அப்படியானால் 70 செ.மீ. உயரக் குவியலின் அடி மையத்திலிருந்து விளிம்புவரை 137 செ.மீ. வரும். குவியலின் கன அளவு ஏறக்குறைய 1.38 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கோதுமை சுமார் 770 கிலோ எடை. ஆக 1,060 கிலோ! 75 கிலோ மூட்டையாகக் கட்டினால் 14 மூட்டை. பூனை இல்லாத களஞ்சியத்தில் ஒரு பருவத்தில் எலி தின்று, எச்சமிட்டுக் கெடுக்கும் தானியத்துக்கு இது ஈடு என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும். சுத்தமான, சமமான தரை என்ற நிபந்தனையும் வீணாகச் சொன்னதல்ல. பள்ளம் இருந்தால் பூனையின் தலை கீழே இறங்கி அளவு குறையும், மண் கலந்தால் தானியம் உதவாது. அவ்வளவு தானியத்துக்கு வழியில்லாதவர் கறவை ஆடு ஒன்றை அதன் குட்டியோடும் கம்பளியோடும் தர வேண்டும்.

அயர்லாந்தின் பழைய சட்டங்கள் இன்னும் நுணுக்கமானவை. முரமுரவென்று ஒலி எழுப்பவும் வீட்டைக் காக்கவும் தெரிந்த பூனைக்கு மூன்று பசு மதிப்பு. ஒலி மட்டும் எழுப்பினால் அதில் பாதி. சமையலறையில் மூடாமல் போட்டுவைத்த உணவைப் பூனை தின்றால் குற்றம் வீட்டுக்காரருடையது, பூனையைத் தொடக் கூடாது. பாத்திரத்தில் மூடிப் பத்திரப்படுத்தியதைத் தின்றால்தான் பூனை மீது தவறு. பாலை மூடி வைக்காமல் பூனையைத் திட்டும் வீடுகளுக்கு 1,200 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள்.

வேல்ஸில் கணவன் மனைவி பிரிந்தால் கோழிகள் முழுவதும் கணவனுக்கு, பூனைகளில் ஒன்று அவனுக்கு, மீதிப் பூனைகள் மனைவிக்கு. ஒரு குக்கிராமம் சட்டப்படி கிராமம் என்று சொல்லிக்கொள்ள ஒன்பது கட்டடம், ஓர் ஏர், ஒரு சூளை, ஒரு தயிர் கடையும் பானை, ஒரு சேவல், ஒரு காளை, ஒரு மேய்ப்பன் இவற்றோடு ஒரு பூனையும் இருக்க வேண்டும்.

கேள்வி: பூனைக்குச் சம்பளம் கொடுத்த தேவாலயம் இருந்ததாமே? (நாகர்கோவில் வாசகர்)

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயம். அதன் கணக்கேடுகளில் 1305லிருந்து 1467வரை, "காவலாளிகளுக்கும் பூனைக்கும்" என்ற தலைப்பில் பணம் எழுதப்பட்டிருக்கிறது. பூனையின் பங்கு காலாண்டுக்கு 13 பென்னி. காலாண்டுக்கு 13 வாரம், ஆக வாரத்துக்கு ஒரு பென்னி. சில காலங்களில் 26 பென்னி ஆகியிருக்கிறது. இரண்டு பூனை இருந்திருக்கலாம்.

ஒரு பென்னி என்றால் எவ்வளவு? 1300 வாக்கில் ஒரு கூலியாளின் நாள் கூலி ஏறக்குறைய ஒன்றரை பென்னி. ஆகவே கூலியாளின் அரை நாள் கூலிக்கும் மேலான பணம் பூனையின் வாரத் தீனிக்குப் போயிருக்கிறது. "எலி பிடிக்கத்தானே பூனை, அதற்கு எதற்குத் தீனி?" என்று கேட்கத் தோன்றும். ஒரு பூனைக்கு நாளொன்றுக்கு எட்டுப் பத்து சுண்டெலி பிடித்தால்தான் வயிறு நிறையும். ஆரம்பத்தில் கிடைக்கும். பூனை நன்றாக வேலை செய்யச் செய்ய எலி குறையும், எலி குறைந்தால் பூனை வேறு இடம் பார்த்துப் போய்விடும், அது போன மூன்றாம் மாதம் எலி பழையபடி வந்துவிடும். இந்தச் சுழற்சியை நிறுத்த ஒரே வழி, பசிக்கு அடிப்படைத் தீனி போட்டு அங்கேயே தங்க வைப்பது. பட்டினி போட்டால்தான் நன்றாக வேட்டையாடும் என்பது தவறான எண்ணம். வயிறு நிறைந்த பூனையும் எலி ஓடினால் பாயும். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கவிஞர் சாசரும் இதைச் சொல்லியிருக்கிறார். பாலும் மென்மையான இறைச்சியும் கொடுத்து, பட்டுப் படுக்கை போட்டு வைத்தாலும் சுவரோரம் ஒரு எலி போனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடும் என்கிறார்.

அந்தப் பேராலயத்தில் வடக்குப் பக்கம் வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் வட்டமான பூனைத்துளை இன்றும் இருக்கிறது. அது இடைக்காலத்தது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். ஆயர் வில்லியம் காட்டன் காலத்தில், 1598 வாக்கில் தச்சர்களுக்கு 8 பென்னி கொடுத்து வெட்டச் சொன்னது அது. ஆனால் பூனைத்துளை என்ற ஏற்பாடு அதைவிடப் பழையது. சாசரின் கதை ஒன்றில் கதவுப் பலகையின் அடியில் பூனை நுழையும் துளை வழியாக ஒரு வேலைக்காரன் உள்ளே எட்டிப் பார்க்கிறான்.

கேள்வி: கப்பலில் பூனை வைப்பது வழக்கமா, சட்டமா? (தூத்துக்குடி வாசகர்)

மத்தியதரைக் கடலில் அது சட்டம். 14ஆம் நூற்றாண்டில் கத்தலான் மொழியில் தொகுத்த கடல் வணிக விதிகள் பார்சலோனா, வலென்சியா வணிகர்களால் மதிக்கப்பட்டவை. எலியால் சரக்கு சேதமானால் கப்பலில் பூனை இல்லாத பட்சத்தில் கப்பல் தலைவர் நஷ்டம் தர வேண்டும். சரக்கு ஏற்றும்போது பூனை இருந்தது, வழியில் செத்துவிட்டது, அடுத்த துறைமுகம் வருமுன் எலி சேதம் செய்துவிட்டது என்றால் அவர்மேல் பொறுப்பில்லை. ஆனால் பூனை கிடைக்கும் முதல் துறைமுகத்தில் அவர் பூனை வாங்கி ஏற்றியாக வேண்டும். ஏற்றாமல் போனால் அதற்குப் பிறகான சேதம் அவர் தலையில். சரக்குக்காரருக்கும் கப்பல்காரருக்கும் நடுவே தகராறு வந்தால் விசாரிக்கும் முதல் கேள்வி "பூனை எங்கே?" என்பதுதான். இன்றைய காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகள் மாதிரியே இருக்கிறது.

கேள்வி: எலிக்குப் பூனை மட்டும் போதுமா? வேறு வழியே தெரியாதா அவர்களுக்கு? (தேனி வாசகர்)

தெரியும். பூனையின் பலம் சுண்டெலியும் எலிக்குஞ்சும்தான். வளர்ந்த கறுப்பு எலியோடு மோதப் பல பூனைகள் தயங்கும், அது கடித்தால் காயம் சீழ் பிடிக்கும். தவிர கறுப்பு எலி கூரையிலும் உத்தரத்திலும் குடியிருக்கும். பூனை அங்கே ஏறுவதற்குள் அது போய்விடும். ஆகவே பூனை, பொறி, விஷம் மூன்றும் சேர்ந்தே நடந்தன.

1393 வாக்கில் பாரிஸில் ஒரு வயதான கணவர் தன் இளம் மனைவிக்குக் குடித்தனம் நடத்தும் முறைகளை எழுதிக்கொடுத்தார். எலிக்கு அவர் முதலில் சொல்வது, போதுமான பூனைகள். அடுத்தது பொறிகள். பிறகு பாஷாணம் கலந்து பொரித்த பாலாடைக்கட்டிப் பண்டம், அதைத் தண்ணீர் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் அருகில் இருந்தால் சின்னச் சின்னக் கடற்பஞ்சுத் துண்டுகளைப் போட்டுவிடு, எலி விழுங்கித் தண்ணீர் குடித்ததும் அது வயிற்றில் ஊதிக் கொன்றுவிடும் என்கிறார். ஆனால் விஷம் வைத்த வீட்டில் பூனையை வைத்திருப்பது ஆபத்து. விஷம் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடும். தள்ளாடும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும்.

பொறி எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புபவர்கள் 1430ஐ ஒட்டி ஃபிளாண்டர்ஸில் வரைந்த மெரோத் பலிபீட ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். வலது பலகையில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான தச்சர் சூசையப்பர் எலிப்பொறி செய்துகொண்டிருப்பார், முடிந்த பொறி ஒன்று ஜன்னல் மேடையில் விற்பனைக்கு இருக்கும். மரத்துண்டுகள் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதுவரை தெளிவாகத் தெரியும். நியூயார்க்கில் இருக்கிறது அந்த ஓவியம்.

கேள்வி: பூனைத் தோலில் உடை தைத்தார்கள் என்று படித்தேன். நம்ப முடியவில்லை. (ஈரோடு வாசகர்)

நம்பத்தான் வேண்டும். படிக்கக் கஷ்டமாக இருந்தாலும் இதை விட்டுவிட்டுப் பூனையின் கதையைச் சொல்ல முடியாது. குளிர் நாட்டில் அங்கியின் உட்புறம் உரோமத் தோல் வைத்துத் தைப்பார்கள். அணில், மரநாய் வகைத் தோல்கள் பணக்காரருக்கு. ஆட்டுக்குட்டி, முயல், பூனை எளியவருக்கு. 1127ல் லண்டனில் கூடிய திருச்சபை மன்றம், மடத்துத் தலைவியரும் கன்னியாஸ்திரீகளும் ஆட்டுக்குட்டித் தோலையும் பூனைத் தோலையும்விட விலை உயர்ந்ததை அணியக் கூடாது என்று விதித்தது. 1363ல் வந்த இங்கிலாந்து உடைச் சட்டம் கைவினைஞர், சிறு நிலக்காரர் வீட்டுப் பெண்களுக்கு ஆட்டுக்குட்டி, முயல், பூனை, நரி இந்த நான்கின் தோலை மட்டும் அனுமதித்தது.

கேம்பிரிட்ஜில் 13ஆம் நூற்றாண்டுக் கிணறு ஒன்றைத் தோண்டியபோது 79 பூனைகளின் எலும்புகள் கிடைத்தன. டென்மார்க்கின் ஓடென்ஸில் 11ஆம் நூற்றாண்டுக் குழிகளில் குறைந்தது 68. எலும்பைப் பார்த்துத் தோலுரித்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தோலை முழுசாகக் கழற்ற வேண்டுமென்றால் கத்தி எலும்பை ஒட்டிப் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று மூக்கைச் சுற்றிய தாடைப் பகுதி, மற்றது சதையே இல்லாத பாத எலும்பு. அங்கெல்லாம் மெல்லிய கோடுகள் விழும். இறைச்சிக்கு வெட்டினால் கோடுகள் தொடை மூட்டிலும் தோளிலும் ஆழமாக விழும். கேம்பிரிட்ஜ் எலும்புகளில் இரண்டு வகையும் உண்டு. அதாவது தோலை எடுத்தபின் இறைச்சியையும் வீணாக்கவில்லை. இறைச்சியைப் பற்றி ஐரோப்பியர் வெளிப்படையாக எழுதுவது அரிது, ஆனால் 1520ல் பார்சலோனாவில் அச்சான கத்தலான் சமையல் நூலில் பூனை வறுவல் இருக்கிறது. தலையை வெட்டி எறிந்துவிட வேண்டும், மூளையைத் தின்றவருக்குப் புத்தி பேதலிக்கும் என்று எச்சரிக்கையும் இருக்கிறது.

தோலுக்காகக் கொன்ற பூனைகளில் இளசுகளே அதிகம். வயது ஏறிய கடுவனின் தோலில் சண்டைத் தழும்பு இருக்கும். உரோமம் அடர்ந்திருக்கும் குளிர்காலமே தோலுக்கு ஏற்ற பருவம்.

தோல் திருட்டு பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. 1240 வாக்கில் கலைக்களஞ்சியம் எழுதிய இங்கிலாந்துத் துறவி பார்த்தலோமியூ பூனையை நேரில் கூர்ந்து பார்த்தவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. குட்டியில் வைக்கோலை ஆட்டினால்கூடப் பின்னால் ஓடும், எதன்மேலும் தாவும், வயதானால் கனத்துப்போய்த் தூங்கியே கிடக்கும், உயரத்திலிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்று எழுதிவிட்டு, அழகான தோலுள்ள பூனை கர்வத்தோடு வெளியே திரியும், அதைத் தோல் வியாபாரி பிடித்துக் கொன்று உரித்துவிடுவான், உரோமம் கருகிய பூனை வீட்டிலேயே கிடக்கும் என்கிறார். சாசரின் பாத்திரமாகிய பாத் நகரப் பெண்ணின் வாயிலும் இதே பழமொழி வருகிறது: பூனையின் தோலைச் சுட்டுவிட்டால் வீட்டோடு இருக்கும். திருடனுக்குப் பயன்படாதபடி உரோமத்தைக் கருக்கிவிடுவது உண்மையிலேயே வழக்கத்தில் இருந்த காப்புமுறை. வேல்ஸ் சட்டம் "தீக்காயம் இருக்கக் கூடாது" என்றதன் பின்னணி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: அந்தக் கால ஓவியங்களில் பூனை ஏன் மனித முகத்தோடு கோரமாக இருக்கிறது? உண்மையில் எப்படி இருந்தன? (மதுரை வாசகர்)

இணையத்தில் சுற்றுபவை தேர்ந்தெடுத்த கோரங்கள். ஏடுகளின் ஓரத்தில் சித்திரம் வரைந்தவர்கள் பலர், பக்கத்தில் பூனையை உட்காரவைத்து வரையவில்லை, மாதிரிப் படத்தைப் பார்த்துப் பெயர்த்தார்கள். பெயர்த்ததைப் பெயர்க்கும்போது முகம் மாறிக்கொண்டே போகும். நன்றாக வரைந்தவையும் உண்டு. கி.பி. 800ஐ ஒட்டி எழுதிய கெல்ஸ் நற்செய்தி ஏட்டில் புகழ்பெற்ற ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. அவற்றின் முதுகில் சுண்டெலிகள். எதிரே இரண்டு சுண்டெலிகள் வட்டமான அப்பம் ஒன்றை இழுத்துக்கொண்டிருக்க, பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

உண்மையான பூனைகள் பெரும்பாலும் மெல்லிய கோடு போட்ட வரிப்பூனைகள். அகலமான சுழல் வரியுள்ள பூனை பின்னால் வந்தது. 2017ல் வெளியான மரபணு ஆய்வு, அந்த மாற்றம் முதலில் தென்மேற்கு ஆசியாவில் 14ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் தென்படுகிறது என்று காட்டியது. உடலும் சிறியது. டென்மார்க் எலும்புகளை அளந்து பார்த்ததில், வைக்கிங் காலப் பூனையைவிட இன்றைய பூனை சுமார் 16 சதவீதம் பெரிது.

கேள்வி: சூனியக்காரியும் கறுப்புப் பூனையும் இடைக்காலத்துக் கதைதானே? (புதுச்சேரி வாசகர்)

விதை இடைக்காலத்தில், விளைச்சல் பிற்காலத்தில். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் லீல் நகரத்து ஆலன் என்ற அறிஞர் "கத்தார்" என்ற எதிர்க் கொள்கையினரின் பெயர் பூனையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான "கத்துஸ்" என்பதிலிருந்து வந்தது என்று தவறாக விளக்கினார். 1307ல் தொடங்கிய, டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்கள் மீதான வழக்கிலும் பூனை வழிபாடு ஒரு குற்றச்சாட்டு. ஆனால் கிழவி, பூனை, சூனியம் என்று நீங்கள் நினைக்கும் வழக்குகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் சாத்தான் என்று பெயரிட்ட பூனையோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் வழக்கு 1566ல் நடந்தது.

கொடுமைக்கு இடைக்காலத்திலிருந்தே தொடர்ந்த சாட்சி பெல்ஜியத்தின் ஈப்ர் நகரம். கம்பளித் துணி மண்டபத்தில் எலிக்காக வளர்த்த பூனைகளை விழா நாளில் மணிக்கூண்டிலிருந்து உயிரோடு வீசினார்கள். 1817ல்தான் அது நின்றது. இப்போது துணிப்பொம்மைகளை வீசுகிறார்கள்.

கேள்வி: துறவி மடங்களில் பூனை வளர்த்தார்களா? (பாளையங்கோட்டை வாசகர்)

வளர்த்தார்கள், வளர்க்க வேண்டிய தேவையும் இருந்தது. தோல் ஏடு, பிசின், மெழுகு, கொழுப்பு மெழுகுவர்த்தி எல்லாமே எலிக்கு உணவு. 1140 வாக்கில் ஹில்டெபெர்ட் என்ற படியெடுப்பவர் தன்னையே ஒரு பிரதியில் வரைந்துகொண்டார். மேசைமேல் ஏறிய சுண்டெலி பாலாடைக்கட்டியைத் தின்கிறது, வறுத்த கோழி கீழே விழுகிறது, அவர் கையை ஓங்கி நிற்கிறார். எதிரே திறந்திருக்கும் ஏட்டில், "கேடுகெட்ட எலியே, எத்தனை தடவை என் கோபத்தைக் கிளறுவாய், கடவுள் உன்னை அழிக்கட்டும்" என்ற வரி. பிராக் நகரில் இருக்கிறது அது.

இங்கிலாந்தில் தேவாலயத்தை ஒட்டிய அறைக்குள் ஆயுள் முழுக்கத் தங்களை அடைத்துக்கொண்டு தவமிருந்த பெண்களுக்கு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒழுங்குநூல், பூனை ஒன்றைத் தவிர வேறு விலங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. பசு வைத்தால் தீவனம், மேய்ப்பன், ஊரார் வயலில் மேய்ந்த சண்டை என்று உலகம் உள்ளே வந்துவிடும். பூனை அப்படி எதையும் இழுத்து வராது.

ஆனால் பூனையால் வரும் தொல்லையும் பதிவாகியிருக்கிறது. 1420ஐ ஒட்டி நெதர்லாந்தின் தேவென்தர் நகரில் ஒருவர் புத்தகம் படியெடுத்துக்கொண்டிருந்தார். இரவில் திறந்தபடியே விட்டுவிட்டுப் படுக்கப் போனார். காலையில் வந்து பார்த்தால் பக்கத்தில் பெரிய ஈரக் கறை. அந்தப் பக்கத்தின் மீதியை எழுதாமலே விட்டு, கறையைச் சுட்டும் விரல்களையும் ஒரு பூனையையும் வரைந்து, லத்தீனில் எழுதினார்: "இங்கே எதுவும் விடுபடவில்லை. ஒருநாள் இரவு பூனை இதன்மேல் மூத்திரம் பெய்துவிட்டது. தேவென்தரில் இரவில் இந்தப் புத்தகத்தின் மேல் பெய்த அந்தக் கேடுகெட்ட பூனை நாசமாகட்டும், அதை முன்னிட்டு மற்றப் பூனைகளும் நாசமாகட்டும். பூனை வரக்கூடிய இடத்தில் இரவில் புத்தகத்தைத் திறந்து வைக்காதபடி மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்." முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். பின்னால் படிப்பவர் வெற்றிடத்தைப் பார்த்து மூலத்தில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்துவிடக் கூடாதே என்ற அக்கறை அது, சாபத்துக்கும் முன்னால் வருகிறது. இந்தப் பிரதி இப்போது ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் ஆவணக் காப்பகத்தில் 1445 மார்ச் 11 தேதியிட்ட பக்கத்தில் மசியில் தோய்ந்த பூனைப் பாதங்கள் பதிந்திருக்கின்றன. அங்கே எழுதியவர் சாபம் எதுவும் இடவில்லை.

கேள்வி: பூனைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? (கோவை வாசகர்)

இங்கிலாந்தில் கடுவனுக்கு "கிப்", கில்பர்ட் என்பதன் சுருக்கம். பிரான்சிலும் ஃபிளாண்டர்ஸிலும் நரிக்கதைகளில் வரும் பூனையின் பெயர் "திபெர்". அயர்லாந்துச் சட்டம் பூனைகளை வேலைக்கேற்ப வகை பிரித்துப் பெயர் சொல்கிறது. உணவு வைக்கும் அறையைக் காப்பது மியோனே, மியாவ் என்ற ஒலியிலிருந்து வந்த பெயர். களஞ்சியத்துக்கும் அரைவை ஆலைக்கும் உரியது க்ரூப்னே, பாதத்தால் பெயர் பெற்றது. 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மடமொன்றில் இருந்த ஐரிஷ் துறவி தன் குறிப்பேட்டில் எட்டுச் செய்யுள்களில் பாடிய வெள்ளைப் பூனையின் பெயர் பாங்குர் பான். "பான்" என்றால் ஐரிஷ் மொழியில் வெள்ளை. அந்தக் குறிப்பேடு இப்போது ஆஸ்திரியாவில் சாங்க்ட் பவுல் மடத்தில் இருக்கிறது.